50 வயதுக்கு மேல் 'ஹெச்ஐஐடி' குழுப் பயிற்சி: சேரலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

"இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" ஐம்பதைத் தாண்டிய ஒருவர் ஜிம்மில் சேரப் போவதாகச் சொன்னால் வீட்டில் வரும் முதல் கேள்வி இதுதான். அதுவும், சத்தமான பாட்டுக்கு நடுவே இருபது பேர் ஒன்றாகக் குதித்து, குனிந்து, எடை தூக்கும் வகுப்பு என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்தப் பயத்தில் பாதி நியாயம், பாதி தவறான புரிதல். தீவிரப் பயிற்சிக்கு வயது தடையில்லை. பக்கத்தில் இருப்பவரின் வேகத்துக்கு முதல் நாளே ஈடுகொடுக்க நினைப்பதுதான் ஆபத்து.

ஹெச்ஐஐடி என்றால் என்ன?

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கும் அளவுக்கு வேகமாகச் செய்வது, பிறகு ஓய்வு அல்லது மெதுவான அசைவு, மீண்டும் வேகம். இப்படி மாறி மாறிச் செய்வதுதான் ஹெச்ஐஐடி எனப்படும் இடைவெளிவிட்ட தீவிரப் பயிற்சி. ஜப்பானின் இசூமி தபாடா 1996-ல் வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகு பிரபலமான '20 விநாடி வேகம், 10 விநாடி ஓய்வு' முறையும் இந்த வகைதான். கிராஸ்ஃபிட் போன்ற வகுப்புகளில் இதோடு எடைப் பயிற்சியும் சேர்ந்துவிடும்.

'தீவிரம்' என்பது எல்லோருக்கும் ஒரே அளவு அல்ல. 25 வயதுக்காரருக்கு ஓட்டம் தீவிரம் என்றால், 65 வயதில் புதிதாகத் தொடங்குபவருக்கு மேடான பாதையில் வேக நடையே தீவிரப் பயிற்சிதான்.

வயதானவர்களிடம் சோதித்துப் பார்த்தார்களா?

நார்வேயின் ட்ரான்ட்ஹெய்ம் நகரில் 70 முதல் 77 வயதுள்ள 1,567 பேரை 5 ஆண்டுகள் கவனித்தார்கள். ஒரு குழு வாரம் இரண்டு நாள், 4 நிமிடம் வீதம் நான்கு முறை தீவிரப் பயிற்சி செய்தது. இரண்டாவது குழு மிதமான வேகத்தில் 50 நிமிடம் செய்தது. மூன்றாவது குழு அந்நாட்டு அரசின் வழக்கமான உடற்பயிற்சி ஆலோசனையைப் பின்பற்றியது.

முடிவுகள் 2020-ல் வெளியாயின. 5 ஆண்டுகளில் தீவிரப் பயிற்சிக் குழுவில் 3 சதவீதம் பேரும், மிதமான பயிற்சிக் குழுவில் 5.9 சதவீதம் பேரும், மூன்றாவது குழுவில் 4.7 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். தீவிரப் பயிற்சி ஆயுளைக் கூட்டும் என்று அடித்துச் சொல்ல இந்த வித்தியாசம் போதாது. பங்கேற்றவர்களும் அந்த வயதுக்கு ஓரளவு ஆரோக்கியமானவர்களே. ஆனாலும், எழுபது வயதிலும் கண்காணிப்போடு தீவிரப் பயிற்சி செய்ய முடியும் என்பது இதில் தெளிவானது.

தசைக்கு என்ன பலன்?

முப்பது வயதுக்குப் பிறகு தசை மெல்லக் குறைகிறது. அறுபதுக்குப் பிறகு அது வேகமெடுக்கிறது. தரையில் உட்கார்ந்தால் எழ முடியாமல் போவதற்கும், கால் தடுக்கினால் சமாளிக்க முடியாமல் விழுவதற்கும் இது முக்கியக் காரணம். இழந்த பலத்தைத் திரும்பப் பெற முடியுமா? அமெரிக்காவில் 1990-ல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், 90 வயதை ஒட்டிய முதியவர்களுக்கு 8 வாரம் கால் தசைக்கான எடைப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டு மடங்குக்கு மேல் ஆனது.

யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

* இதய நோய், பிபி, சர்க்கரை, சிறுநீரகப் பிரச்சனை உள்ளவர்கள்
* நடக்கும்போது நெஞ்சு அழுத்தம், தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு வருபவர்கள்
* சர்க்கரை நோயால் கண் விழித்திரையில் பாதிப்பு இருப்பவர்கள்
* மூட்டு அல்லது முதுகில் ஆபரேஷன் செய்தவர்கள்

இன்சுலின் போடுபவர்களுக்குப் பயிற்சியின்போது சர்க்கரை திடீரெனக் குறையலாம். வகுப்புக்கு முன் ஒருமுறை பரிசோதித்துவிட்டு, கையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்வது நல்லது.

வாட்ச் காட்டும் இதயத்துடிப்பை நம்பலாமா?

220-லிருந்து வயதைக் கழித்தால் வருவது அதிகபட்ச இதயத்துடிப்பு என்று பொதுவாகச் சொல்வார்கள். அது தோராயமான கணக்குதான். பிபிக்கோ இதயத்துக்கோ 'பீட்டா பிளாக்கர்' மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மாத்திரையே துடிப்பைக் குறைத்து வைத்திருக்கும்.

இதைவிட எளிய வழி பேச்சு. பயிற்சி செய்துகொண்டே முழு வாக்கியம் பேச முடிந்தால் மிதமான வேகம். நாலு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் தீவிரம். ஒரு வார்த்தைகூட வரவில்லையா? வேகத்தைக் குறைக்க வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

* முதல் 4 வாரம்: தினமும் வேக நடை, நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால்.
* அடுத்த 4 வாரம்: வாரம் ஒரு வகுப்பு. குதிப்பதற்குப் பதில் படி ஏறி இறங்குதல், பர்ப்பிக்குப் பதில் மேசையில் கை ஊன்றி காலைப் பின்னால் வைத்தல்.
* அதன் பிறகு: வாரம் இரண்டு வகுப்பு. நடுவில் இரண்டு நாள் இடைவெளி.

எடை தூக்கும்போது மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும். வார்ம்-அப் 10 நிமிடமாவது தேவை.

குழுவில் இருக்கும் சிக்கல்

குழு இருந்தால் உற்சாகம் வரும், லீவு போடத் தோன்றாது. அதே குழுதான் "எல்லாரும் செய்றாங்க, நாம மட்டும் நிறுத்தினா அசிங்கம்" என்ற எண்ணத்தையும் கொடுக்கும். சேரும் முன் பயிற்சியாளரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "என் முட்டிக்கு இது ஒத்துவரலைன்னா பதிலுக்கு என்ன செய்யணும்?" உடனே மாற்றுப் பயிற்சி சொல்பவரிடம் சேரலாம். "பழகிடும், செய்யுங்க" என்று சொன்னால் வேறு இடம் பார்ப்பது நல்லது.

எப்போது உடனே நிறுத்த வேண்டும்?

நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, திடீர் வியர்வை, மயக்கம் வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டும். 108-க்கு அழைக்கத் தயங்கக் கூடாது. 'கேஸ்' என்று நினைத்து வீட்டுக்குப் போவதுதான் பலர் செய்யும் தவறு.

மறுநாள் லேசான உடம்பு வலி சகஜம். ஆனால் தசை வீங்கி, கடுமையாக வலித்து, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் தசைச் சிதைவு ஏற்பட்டிருக்கலாம். அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.