கைபேசி இருக்குமிடம்: ஒரு பதிவேட்டின் வரலாறு

கம்பிவழித் தொலைபேசியில் எண்ணும் இடமும் பிரியாதவை. 044 என்று தொடங்கினால் சென்னை. அதையடுத்த இலக்கங்கள் எந்த இணைப்பகம் என்பதைச் சொல்லும். எஞ்சியவை அந்த இணைப்பகத்திலிருந்து புறப்பட்டு ஒரு வீட்டின் சுவர்வரை செல்லும் கம்பியைக் குறிக்கும். ஆகவே எண்ணைச் சுழற்றியவர் அறிந்தோ அறியாமலோ ஒரு முகவரியையே சுழற்றினார். தொலைபேசி சுவரைவிட்டு வண்டியில் ஏறியதும் இந்த ஏற்பாடு குலைந்தது. எண் ஓரிடத்தில் பதிந்திருக்க, அதற்குரியவர் வேறிடத்தில் இருந்தார். அவரை அழைக்க வேண்டுமானால் அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதை யாராவது அறிந்திருந்தாக வேண்டும் என்ற நிலை ஏற்பட்டது. அந்த அறிவைச் சுமக்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்குத் தொலைபேசித் துறை காலந்தோறும் தந்த விடைகளைத்தான் பொறியாளர்கள் இருப்பிட மேலாண்மை என்ற ஒரே பெயரால் குறிப்பிடுகிறார்கள்.

1946 ஜூன் 17 அன்று அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பெல் நிறுவனம் தொடங்கிய கார்த் தொலைபேசிச் சேவையில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையடையவில்லை. ஏறத்தாழ 36 கிலோ எடையுள்ள கருவி காரில் பொருத்தப்பட்டிருக்க, ஆற்றல் மிகுந்த ஓர் ஒலிபரப்பி நகரம் முழுவதையும் தழுவியதால், வாடிக்கையாளர் ஊருக்குள் எந்தத் தெருவில் இருந்தாலும் ஒன்றுதான். அழைக்க விரும்பியவர் இணைப்பகத்து ஆபரேட்டரிடம் எண்ணைச் சொல்ல, ஆபரேட்டர் அதற்குரிய சைகையை வானலையில் விட, காரில் மணி அடித்தது. ஊர் எல்லையைத் தாண்டிவிட்ட காரை எட்ட வழியில்லை. அதை யாரும் பெரிய குறையாகக் கருதவும் இல்லை. ஆனால் ஒரு வழித்தடத்தில் ஒருவர் பேசும்போது நகர் முழுவதிலும் வேறொருவர் அதைப் பயன்படுத்த முடியாது என்பதால், 1976இல்கூட நியூயார்க் நகர்ப்பகுதி முழுவதற்கும் 12 வழித்தடங்களை வைத்துக்கொண்டு ஐந்நூற்றுச் சொச்சம் சந்தாதாரர்களுக்கு மட்டுமே சேவை தர முடிந்தது. ஆயிரக்கணக்கானோர் காத்திருப்போர் பட்டியலில் இருந்தனர்.

மேற்கு ஜெர்மனியின் அனுபவம் இதைவிடச் சுவையானது. அங்கு 1972இல் தொடங்கிய 'பி' வலையமைப்பில் ஆபரேட்டரின் தேவை நீங்கி, அழைப்பவர் தாமே எண்ணைச் சுழற்றும் வசதி வந்தது. முன்னேற்றம் என்றே அது விளம்பரம் பெற்றது. ஆனால் ஆபரேட்டரோடு சேர்ந்து, காரைத் தேடித் தரக்கூடிய ஒரே மனித மூளையும் இணைப்பகத்தைவிட்டு வெளியேறியது. நாடு பல வானொலி வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. காரிலிருப்பவரை அழைக்க, அவர் அப்போது எந்த வட்டாரத்தில் இருக்கிறாரோ அந்த வட்டாரத்தின் குறியீட்டை முன்னே சேர்த்துச் சுழற்ற வேண்டும். மியூனிக்கிலிருந்து ஹாம்பர்குக்குக் காரில் புறப்பட்ட ஒரு வணிகரை அவருடைய அலுவலகம் பிடிக்க வேண்டுமானால், அவர் கிளம்பிய நேரத்தையும் சாலை நெரிசலையும் கணக்கிட்டு, இந்நேரம் நியூரம்பெர்கைத் தாண்டியிருப்பார், வுர்ஸ்புர்க் வட்டாரத்தை முயன்று பார்க்கலாம் என்று ஊகித்து, மணி அடிக்காவிட்டால் அடுத்த வட்டாரத்தை முயல வேண்டியிருந்தது. இருப்பிடத்தை அறியும் சுமை இவ்வாறு முழுவதும் அழைப்பவர் தலையில் விழுந்தது. இத்தனை இடைஞ்சலோடும் அந்த வலையமைப்பு 1994 இறுதிவரை இயங்கியது என்பது, வண்டியில் தொலைபேசி வைத்திருப்பதன் கவர்ச்சிக்குச் சான்று.

அமெரிக்காவிலும் இதே இடர்ப்பாடு வேறு வடிவில் எண்பதுகளில் தலைகாட்டியது. வெளியூர் சென்றிருக்கும் சந்தாதாரரை அழைக்க, அவர் போயிருக்கும் நகரத்தின் செல் சேவைக்கென ஒதுக்கிய தனி எண்ணை முதலில் அழைத்து, மீண்டும் டயல் ஒலி கேட்டபின் அவருடைய சொந்த எண்ணை அழுத்த வேண்டும். ஊர்தோறும் இத்தகைய எண்களைத் தொகுத்த பட்டியல்களைக் கையில் வைத்திருப்பது பயணம் மிகுந்தோர் வழக்கம். வெளியூர் வந்து சேர்ந்தவர் ஒரு குறியீட்டை அழுத்தித் தம் வரவைத் தாமே தெரிவிக்கும் சேவைகள் பிறகு வந்தன. அப்போது சுமை அழைப்பவரிடமிருந்து அழைக்கப்படுபவருக்கு மாறியது.

சுமையை இயந்திரம் ஏற்றுக்கொள்ள நேர்ந்ததற்கு வழித்தடப் பற்றாக்குறையே மூல காரணம். 1947 டிசம்பரில் பெல் ஆய்வகத்தின் டக்ளஸ் ரிங் எழுதிய ஓர் உள்சுற்றுக் குறிப்பு, ஒரே பெரிய ஒலிபரப்பிக்கு மாற்றாக நிலப்பரப்பைத் தேன்கூட்டின் அறைகள் போன்ற சிறு அறுகோணங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆற்றல் குறைந்த ஒலிபரப்பியை நிறுவினால், ஒன்றையொன்று தீண்டாத தொலைவிலுள்ள அறைகளில் ஒரே அலைவரிசையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று காட்டியது. அந்த அறைக்கே 'செல்' என்று பெயர். வழித்தடப் பஞ்சம் இதனால் தீரும். ஆனால் ஊர் முழுவதும் ஒன்றாக இருந்தது சிதறி, சந்தாதாரர் எந்த அறையில் இருக்கிறார் என்பது புதிய கேள்வியாகும். 1983 அக்டோபரில் சிகாகோவில் வணிகச் சேவையாக வந்த அமெரிக்க முறை இதற்குக் கண்ட விடை, ஊரின் எல்லாச் செல்களிலும் ஒரே நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவது. எல்லாத் தெருவிலும் ஒரே சமயத்தில் தண்டோரா போடுவதை ஒத்த இச்செயலைப் பொறியாளர்கள் பேஜிங் என்பர். ஓர் ஊருக்குள் சில ஆயிரம் சந்தாதாரர் இருக்கும்வரை தண்டோரா போதும். ஒரு நாட்டுக்குப் போதாது.

நாட்டளவில், ஏன், நான்கு நாடுகளின் அளவில் இதைத் தீர்த்தவர்கள் வட ஐரோப்பியர். 1969இல் நார்வேயின் லோபோட்டன் தீவுகளிலுள்ள கபல்வோக் என்ற ஊரில் கூடிய நார்டிக் தொலைத்தொடர்பு மாநாட்டில் சுவீடனின் கார்ல்-கோஸ்டா ஆஸ்டல் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்து, 1981இல் சேவைக்கு வந்த நார்டிக் கைபேசி முறையில், ஒவ்வொரு சந்தாதாரருக்கும் ஒரு சொந்த இணைப்பகம் உண்டு. கோபுரங்கள் வட்டாரங்களாகத் தொகுக்கப்பட்டன. வண்டி ஒரு வட்டாரத்திலிருந்து மற்றொன்றுக்குள் நுழைந்ததும் கருவி அதைத் தானாகவே உணர்ந்து, உரியவர் கைவைக்காமலே, தன் வரவைச் சொல்லும். வந்த ஊரின் இணைப்பகம் சொந்த இணைப்பகத்துக்குத் தகவல் அனுப்பும். ஊர் மாறியவர் பழைய அஞ்சலகத்தில் புதிய முகவரியை எழுதிவைத்தால் கடிதம் பின்தொடர்ந்து வரும் அல்லவா, அதே தந்திரம். ஸ்டாக்ஹோமில் பதிந்த எண்ணை அழைப்பவர், காரில் இருப்பவர் ஆஸ்லோவில் இருப்பதை அறிய வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. இந்த வரலாற்றின் திருப்புமுனை இதுவே. பின்னால் வந்த ஜி.எஸ்.எம். இதை விரித்து எழுதியதே தவிர, இதன் இலக்கணத்தை மாற்றவில்லை.

1982இல் ஐரோப்பிய அஞ்சல், தொலைத்தொடர்பு நிர்வாகங்களின் கூட்டமைப்பு அமைத்த குழுவில் உருவாகி, 1991 ஜூலை 1 அன்று பின்லாந்தில் முதல் அழைப்பைக் கண்ட ஜி.எஸ்.எம். முறையில் பதிவேடுகள் இரண்டு. சந்தாதாரரின் நிலையான விவரங்களையும் அவர் தற்போது எந்த இணைப்பகத்தின் ஆளுகையில் இருக்கிறார் என்பதையும் வைத்திருப்பது சொந்தப் பதிவேடு. பொறியாளர் வழக்கில் இது எச்.எல்.ஆர். எனப்படும். வந்து தங்கியிருப்பவர்களைத் தற்காலிகமாகக் குறித்துவைப்பது விருந்தினர் பதிவேடு; இது வி.எல்.ஆர். எனப்படும். அழைப்பு வந்ததும் சொந்தப் பதிவேட்டிடம் கேள்வி போகும். அது விருந்தினர் பதிவேட்டைக் கேட்கும். விருந்தினர் பதிவேடு அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் செல்லும் ஒரு தற்காலிக எண்ணை வழங்க, அதன் வழியே அழைப்பு வந்து சேரும். பிறகே தண்டோரா, அதுவும் கைபேசி கடைசியாகப் பதிந்த, பல கோபுரங்கள் அடங்கிய இருப்பிட வட்டாரத்துக்குள் மட்டும். இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. பேச்சு நடக்காத நேரத்தில் கைபேசி எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறது என்பது வலையமைப்புக்குத் தெரியாது. எந்த வட்டாரம் என்பது மட்டுமே தெரியும். இந்த மங்கலான அறிவு தொழில்நுட்பத்தின் இயலாமையால் வந்ததன்று, சிக்கனம் கருதி வேண்டுமென்றே வைத்துக்கொண்டது.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு டெல்லியிலிருந்த மத்திய தகவல்தொடர்பு அமைச்சர் சுக்ராமை அழைத்ததோடு இந்தியாவுக்குள் வந்ததும் இதே முறைதான். அதன் மௌன உரையாடலை அறியாமலே கேட்டவர்கள் தமிழ்நாட்டில் கணக்கற்றோர். பேருந்து நெடுஞ்சாலையில் ஓடிக்கொண்டிருக்க, யாரும் அழைக்காத, யாரும் தொடாத கைபேசி பக்கத்திலிருந்த ஒலிபெருக்கியில் 'டிட்டிடிட் டிட்டிடிட்' என்று சில நொடிகள் கரகரப்பை எழுப்பிவிட்டு ஓய்ந்ததற்கு, வட்டார எல்லையைத் தாண்டிய கைபேசி புதிய வட்டாரத்தில் தன் பெயரைப் பதிந்துகொண்டதே பெரும்பாலும் காரணம். அக்கால நோக்கியா கைபேசிகளின் திரையில் அடையாறு, மயிலாப்பூர் எனப் பேட்டையின் பெயர் தோன்றியது இதிலிருந்து வேறுபட்டது: கோபுரம் 50ஆம் ஒலிபரப்புத் தடத்தில் தன் பெயரை எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிக்கொண்டிருக்க, கைபேசி அதைக் கேட்டுத் திரையில் காட்டியது, அவ்வளவே. முன்னதில் கருவி தன் இடத்தை வலையமைப்புக்குச் சொல்கிறது; பின்னதில் வலையமைப்பு இடத்தைக் கருவிக்குச் சொல்கிறது. இந்த இரு திசைகளின் வேறுபாடு பிறகு பெரிதாகப் பேசப்பட்டது.

வட்டாரம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது தொண்ணூறுகளில் கணினி அறிவியலாளருக்குப் பிடித்தமான புதிரானது. வட்டாரம் பெரிதானால் கைபேசி பதிந்துகொள்ளும் செலவு குறையும், ஆனால் ஒவ்வொரு அழைப்புக்கும் அத்தனை கோபுரங்களிலும் தண்டோரா போட வேண்டும். சிறிதானால் தேடல் எளிது, ஆனால் கைபேசி ஓயாமல் பதிந்துகொண்டே இருக்கும், மின்கலமும் தீரும். ரயில் ஒன்று வட்டார எல்லையைக் கடக்கும் நொடியில் அதிலுள்ள நூற்றுக்கணக்கான கைபேசிகளும் ஒருசேரப் பதிய முண்டியடிப்பது இச்சிக்கலின் கண்கூடான வடிவம். அமோட்ஸ் பார்-நோய், இலான் கெஸ்லர், மோஷே சிடி ஆகியோர் நேரம் பார்த்துப் பதிவது, கடந்த செல்களை எண்ணிப் பதிவது, கடைசியாகப் பதிந்த இடத்திலிருந்து விலகிய தூரத்தைக் கொண்டு பதிவது ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுத் தூரமே சிறந்த அளவுகோல் என்று கண்டனர். பாரூக் அவர்பக்கும் டேவிட் பெலெகும் வகுத்த திட்டத்தில், பக்கத்துப் பதிவேடுகளுக்கு ஒவ்வொரு சிறு நகர்வும் சொல்லப்படும், தொலைவிலுள்ளவற்றுக்கு நெடுந்தூரம் நகர்ந்தால் மட்டுமே சொல்லப்படும். அண்டைவீட்டாருக்குத் தெருமுனைக் கடைக்குப் போனதும் தெரியும், வெளியூர் உறவினருக்கு ஊர் மாறினால்தான் தெரியும் என்பது போல. இவற்றுள் மிக நயமானது 1999இல் அமிய பட்டாச்சார்யாவும் சஜல் தாஸும் வெளியிட்டது. கோப்புகளைச் சுருக்கப் பயன்படும் லெம்பெல்-சிவ் முறை, திரும்பத் திரும்ப வரும் எழுத்துக் கோவைகளைக் கற்றுக்கொண்டு அவற்றுக்குச் சுருக்கக் குறி தருவது. மனிதரின் நடமாட்டமும் வீடு, பேருந்து நிறுத்தம், அலுவலகம் என்று திரும்பத் திரும்ப வருவதே என்பதால், அதே முறையால் அதையும் சுருக்கிப் பதியலாம், அடுத்து எங்கே இருப்பார் என ஊகிக்கவும் செய்யலாம் என்று அவர்கள் காட்டினர். சுருக்குவதும் முன்னறிவதும் ஒரே கணக்கின் இரு முகங்கள் என்பது அந்த ஆய்வின் அழகு. அச்சம் தருவதும் அதுவே.

கட்டடத்துக்குள் இதே கேள்வி வேறு வழியில் சென்றது. கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தின் ராய் வான்ட்டும் ஆண்டி ஹாப்பரும் உள்ளிட்ட குழுவினர் உருவாக்கி 1992இல் ஆய்விதழில் விளக்கிய 'ஆக்டிவ் பேட்ஜ்', சட்டையில் அணியும் ஒரு சிறு வில்லை. அது 15 நொடிக்கொருமுறை அகச்சிவப்புக் கதிரால் தன் அடையாளத்தை உமிழும். அக்கதிர் சுவரைத் துளைக்காது என்பதால், எந்த அறையின் உணரி அதைப் பிடித்ததோ அந்த அறையில் ஆள் இருப்பதாகக் கொண்டு, வரவேற்பாளர் அவருக்கு வந்த அழைப்பை அந்த அறைக்கே மாற்றிவிடலாம். ஊழியர் எங்கிருக்கிறார் என்பதை அலுவலகம் நொடிக்கு நொடி அறிவது முறையா என்ற விவாதமும் அப்போதே எழுந்தது. அதற்கு நேர்மாறான வடிவமைப்பு 2000இல் எம்.ஐ.டி.யிலிருந்து வந்தது. சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற ஹரி பாலகிருஷ்ணன், நிசங்க பிரியந்த, அனித் சக்ரவர்த்தி ஆகியோரின் 'கிரிக்கெட்' முறையில், சுவரிலும் கூரையிலும் பொருத்திய குறிகாட்டிகள் வானொலி அலையையும் மீயொலியையும் ஒன்றாக அனுப்ப, கருவி அவ்விரண்டும் வந்து சேரும் நேர வேறுபாட்டைக் கொண்டு தன் இடத்தைத் தானே கணக்கிடும். அதை வெளியே சொல்வதும் சொல்லாததும் கருவிக்குரியவர் விருப்பம். ஆயினும் கைபேசி வலையமைப்பில் இந்த விருப்பத்துக்கு இடமில்லை, ஏனெனில் இடத்தைச் சொல்லாத கைபேசிக்கு மணி அடிக்காது.

மணி அடிப்பதற்காக எழுதிய பதிவேடு மற்றக் காரியங்களுக்கும் உதவும் என்பது விரைவிலேயே தெரிந்தது. இணைப்பகங்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் எஸ்.எஸ்.7 என்ற சைகை முறை, அரசுத் துறைகளும் சில பெரிய நிறுவனங்களும் மட்டுமே உறுப்பினராக இருந்த காலத்தில், கேள்வி கேட்பவர் யாரென்று ஐயுறாமல் விடையளிக்கும்படி அமைந்தது. 2008 டிசம்பரில் பெர்லினில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் தோபியாஸ் எங்கெல், ஓர் எண்ணைக் கொடுத்து அதற்குரியவர் எந்த இணைப்பகத்தின் எல்லைக்குள் இருக்கிறார் என்பதை வெளியார் அறிய முடியும் என்று விளக்கினார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018இல் கார்பென்டர் வழக்கில் பரிசீலித்தது இன்னொரு பதிவை: அழைப்புகளின்போது கோபுரங்கள் குறித்துவைத்த விவரங்களிலிருந்து, அரசுத் தரப்பு 127 நாள்களுக்கு ஒரு மனிதரின் 12,898 இருப்பிடப் புள்ளிகளைப் பெற்றிருந்தது. இத்தகைய பதிவுகளைப் பெறப் பொதுவாக நீதிமன்ற வாரண்ட் வேண்டும் என்று 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பாயிற்று. வட்டார அளவு மங்கலோடு தொடங்கிய அறிவு இதற்குள் நெடுந்தூரம் வந்துவிட்டிருந்தது.

4ஜியில் பெயர்கள் மாறின, ஏற்பாடு மாறவில்லை. ஒரே வட்டாரத்துக்குப் பதிலாக, 16 வட்டாரங்கள்வரை அடங்கிய பட்டியலை ஒவ்வொரு கைபேசிக்கும் தனித்தனியே தர முடிவதால், ஒரே ரயிலில் போகும் கைபேசிகள் எல்லாம் ஒரே கோட்டில் முண்டியடிப்பதைத் தவிர்க்கலாம். பட்டியலுக்குள் இருக்கும்வரை நகர்வதைச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் அணைந்துபோன கைபேசியையும் சிக்னல் எட்டாத இடத்துக்குப் போனதையும் இன்னும் இருப்பதாக எண்ணி வலையமைப்பு தேடிக்கொண்டிருக்கக் கூடாது என்பதற்காக, ஜி.எஸ்.எம். காலத்திலிருந்தே ஒரு கடிகாரம் வைக்கப்பட்டிருக்கிறது. வலையமைப்பு வேறு கால அளவைக் குறிப்பிடாவிட்டால், 4ஜி தரநிலையின்படி, மேசைமேல் நாள் முழுதும் அசையாமல் கிடக்கும் கைபேசியும் 54 நிமிடத்துக்கு ஒருமுறை தான் அங்கேயே இருப்பதைத் தெரிவித்துக்கொள்கிறது.