தெப்பமும் படகும் (காவிரிப் படுகை)

மிதவைகளின் மேல் தளம் பரப்பினால் தெப்பம். குடைந்த அடிப்பாகத்தால் நீரை விலக்கி மிதப்பது படகு. தெப்பத்துக்குத் தலைசிறந்த சான்று, தெப்பத் திருவிழாவின்போது திருவாரூர் கமலாலயக் குளத்தில் மிதக்கிறது. காலி இரும்புப் பேரல்களை வரிசையாகக் கட்டி, மரச்சட்டம் அடுக்கி, அதன்மேல் அலங்கார மண்டபம் எழுப்புகிறார்கள். 200 லிட்டர் பேரல் ஒன்று முழுதும் அமிழ்ந்தால், தன் எடை போக, சுமார் 180 கிலோ தாங்கும். பாதி அமிழும் அளவோடு சுமையை நிறுத்துவதே பாதுகாப்பு. கோயில் உற்சவர் கல்யாணசுந்தரரோடு நாதசுரக்காரர்களும் பக்தர்களும் ஏறினாலும் தளம் சாய்வதில்லை. கரையில் இருப்போர் வடம் பிடித்து இழுக்க, மெல்ல நகர்ந்து குளத்தை வலம் வருகிறது. மன்னார்குடியில் ஹரித்ரா நதி எனப்படும் குளத்திலும் தெப்பத் திருவிழா உண்டு.

அமைதியான நீர், நிறைய ஆட்கள், அவசரமில்லாத பயணம் என்றால் தெப்பத்துக்கு நிகரில்லை. அலையும் காற்றும் சேர்ந்தால் அகன்ற தளம் கட்டுக்கு அடங்காது. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகுதான் பொருத்தம்: ஒடுங்கிய அடிப்பாகம் ஆற்று வளைவுகளில் சட்டென்று திரும்பும். ஆனால் அங்குள்ள காயல் ஆழமற்றது. நீர் வற்றும் நேரத்தில் இயந்திர விசிறி சேற்றில் புதையும் என்பதால், நீண்ட கழி ஒன்று படகில் அவசியம் இருக்க வேண்டும்.