கடைத்தெருவின் கதவு

ஓர் ஊரின் உயிர்த்துடிப்பை அறிய வேண்டுமா? மாளிகையின் மாடத்தை அண்ணாந்து பார்க்க வேண்டாம். கோபுரத்தின் உயரத்தை அளக்கவும் வேண்டாம். மாலை மங்கும் நேரத்தில் கடைத்தெருப் பக்கம் செல்வோம். விளக்கெரியும் கடைகள் எத்தனை, பூட்டுத் தொங்கும் கதவுகள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்போம். ஊரின் உண்மை நிலை அங்கே விளங்கிவிடும்!

எளிய உண்மைதான் இது. ஆனால், செல்வத்தில் சிறந்த நாடென்று புகழப்படும் அமெரிக்கா, இந்த எளிய உண்மையை மிகுந்த பொருளை இழந்த பிறகே கற்றுக்கொண்டது. அந்நாட்டுச் சிறு நகரங்களின் கடைத்தெரு எப்படி வாழ்ந்தது, எதனால் வீழ்ந்தது, எவரால் எழுந்தது என்ற வரலாறு, வணிகர் மட்டும் புரட்ட வேண்டிய கணக்கேடு அன்று. பழமையைப் பேணுவோம் என்று பேசுவோரும், புதுமையைப் படைப்போம் என்று முழங்குவோரும் ஒருங்கே படிக்க வேண்டிய பாடம் அது.

அமெரிக்கச் சிறு நகரங்களில் ‘மெயின் ஸ்ட்ரீட்’, அதாவது முதன்மைத் தெரு, என்றொரு தெரு இருக்கும். செங்கல்லாலும் கல்லாலும் எழுந்த இரண்டடுக்கு, மூன்றடுக்குக் கட்டடங்கள் தோளோடு தோள் சேர்த்து நிற்கும். கீழ்த்தளத்தில் கடை, மேல்தளத்தில் கடைக்காரரின் குடும்பமோ, வழக்கறிஞரின் அலுவலகமோ இருக்கும். வங்கி, அஞ்சலகம், நீதிமன்றம், திரைப்படக் கொட்டகை யாவும் நடந்து செல்லும் தொலைவில் அமைந்திருக்கும். துணி வாங்க வந்தவர் தேநீர் பருகுவார்; கடிதம் போட வந்தவர் காலணி பழுது பார்ப்பார். கடைக்காரரிடம் சேர்ந்த காசு, அவ்வூர்த் தச்சனுக்கும் அச்சகத்தாருக்கும் கணக்கருக்கும் கூலியாகிச் சென்று, மீண்டும் அதே தெருவுக்குத் திரும்பி வரும். தெருவில் நடந்தவர் மனிதர் மட்டுமல்லர். காசும் அங்கேதான் உலா வந்தது!

அந்தத் தெரு ஏன் வீழ்ந்தது? “காலம் மாறிற்று, கடையும் மாறிற்று; இது இயற்கை!” என்று தோளைக் குலுக்கினர் சிலர். இயற்கையா? ஏட்டைப் புரட்டுவோம்.

1954-ஆம் ஆண்டு அமெரிக்க வரிச் சட்டம் திருத்தப்பட்டது. புதிய கட்டடம் எழுப்புவோர், அதன் தேய்மானத்தைத் தொடக்க ஆண்டுகளிலேயே பெருமளவு கழித்துக் கொள்ளலாம் என்று வகை செய்யப்பட்டது. பழையதைப் பழுது பார்ப்பவனைவிடப் புதியதைக் கட்டுபவனுக்கே ஆதாயம் என்றாயிற்று. 1956 ஜூன் திங்களில் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. 41,000 மைல் நீளப் பெருஞ்சாலைகள் பொதுப் பணத்தில் போடப்படலாயின. அதே ஆண்டு அக்டோபரில், மினசோட்டா மாநிலத்து எடினாவில், முழுதும் கூரையால் மூடப்பட்டு, குளிரும் வெயிலும் அண்டாவண்ணம் அமைந்த ‘சவுத்டேல்’ பேரங்காடி திறக்கப்பட்டது. சுற்றிலும் ஆயிரக்கணக்கான கார்கள் நிற்கத் திடல். ஊருக்கு வெளியே வயற்புறத்தில் இத்தகைய அங்காடிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. சாலை போட்டது அரசு. சலுகை தந்தது சட்டம். இதற்குப் பெயர் இயற்கையாம்!

சவுத்டேலை வரைந்த விக்டர் குரூயன் கொடியவர் அல்லர். வியன்னாவில் பிறந்த யூதர். 1938-இல் நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி அமெரிக்காவில் அடைக்கலம் புகுந்தவர். தம் வியன்னாவில் கண்ட நாற்சந்தியை, மக்கள் காலாற நடந்து கலந்து பேசும் களத்தை, கார்களையே நம்பி வாழ்ந்த புதிய குடியிருப்புகளுக்கு வழங்க வேண்டும் என்பதே அவர் கண்ட கனவு. கனவு ஒன்று, கண்டது ஒன்று! இலாப வேட்டைக்காரர்கள் அங்காடியை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் எண்ணிய பள்ளியையும் பூங்காவையும் குடியிருப்பையும் ஒதுக்கித் தள்ளினர். முதுமையில் வியன்னாவுக்கே திரும்பிய அவர், அந்நகரின் தென்புறத்திலும் ஒரு பேரங்காடி எழுந்து பழைய கடைகளை அச்சுறுத்தியதைக் கண்டு மனம் கசந்தார்.

நலிந்த கடைத்தெரு என்ன செய்தது? தன்னைப் பார்த்துத் தானே வெட்கப்பட்டது! நூறாண்டு கண்ட செங்கற் சுவரின்மேல், செதுக்கிய சாளரங்களின்மேல், அலுமினியத் தகட்டை அடித்து மூடினர் கடைக்காரர்கள். பாட்டியின் முகத்துக்கு முகமூடி மாட்டினால் பேத்தியாகிவிடுவாளா? 1959-இல் மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரம், கடைத்தெருவில் கார்களைத் தடுத்து, நடைபாதையாக்கிப் பார்த்தது. எத்தனையோ நகரங்கள் பின்பற்றின. பெரும்பாலானவற்றில் கூட்டம் திரும்பவில்லை. கலமசூவே 1998-இல் அத்தெருவின் ஒரு பகுதியைக் கார்களுக்குத் திறந்துவிட்டது. 1949-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் துணைகொண்டு, நகரச் சீரமைப்பு என்ற பெயரால், பழைய தெருக்களையே இடித்துத் தரைமட்டமாக்கினர் வேறு சிலர். புதிய கட்டடம் எழுமுன் பணம் தீர்ந்துவிட்ட இடங்களில், மிஞ்சியது வண்டி நிறுத்தும் திடல்! வாங்குவோருக்காகத் திடல் அமைத்தனர். வாங்குவதற்குத்தான் கடை இல்லை.

இந்த நிலையில், 1977-இல், வரலாற்றுச் சின்னங்களைக் காப்பதற்கென அமைந்த தேசிய அறக்கட்டளை ஒரு சோதனையைத் தொடங்கியது. அதன் சிகாகோ அலுவலகத்தில் பணியாற்றிய மேரி மீன்ஸ் என்ற பெண்மணி அதற்குத் தலைமை தாங்கினார். இல்லினாய் மாநிலத்துக் கேல்ஸ்பர்க், இந்தியானா மாநிலத்து மேடிசன், தெற்கு டகோட்டாவின் ஹாட் ஸ்பிரிங்ஸ் என மூன்று சிற்றூர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன.

மேடிசனை மட்டும் சற்று நோக்குவோம். ஒகையோ ஆற்றங்கரையில் அமைந்த ஊர் அது. நீராவிப் படகுகள் ஆற்றில் மிதந்த காலத்தில் செல்வம் கொழித்தது. இந்தியானாவின் முதல் இருப்புப் பாதை மேடிசனில் தொடங்கி, 1847-இல் தலைநகரான இண்டியானாபொலிசை எட்டியது. பின்னர் வேறு ஊர்களுக்கும் இருப்புப் பாதைகள் கிளைத்தன, வணிகம் அப்பக்கம் சாய்ந்தது, மேடிசன் அயர்ந்தது. இடித்துக் கட்டப் பணமில்லாததால் பழைய கட்டடங்கள் அப்படியே நின்றன. செல்வம் கட்டியதை வறுமை காத்தது! இருபதாம் நூற்றாண்டில், மேட்டின்மேல் நெடுஞ்சாலையோரம் புதுக் கடைகள் தோன்றி, ஆற்றோரத்துப் பழைய தெருவின் வணிகத்தை இழுத்துக்கொண்டன.

மூன்று ஊர்களிலும் செய்த மருத்துவம் என்ன? மாளிகை கட்டினார்களா? இல்லை. மூட்டை மூட்டையாகப் பணம் கொட்டினார்களா? அதுவும் இல்லை. ஊருக்கு ஒரு முழுநேர மேலாளரை அமர்த்தினார்கள். அவர் கடை கடையாக ஏறி இறங்கினார். தகட்டைக் கழற்றச் சொன்னார். பெயர்ப்பலகையைச் சீராக்கச் சொன்னார். பூட்டிக் கிடந்த கடைக்கு எந்தத் தொழில் பொருந்தும் என்று ஆராய்ந்தார். ஒருவருக்கொருவர் போட்டியாளராய் நின்ற கடைக்காரர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்தார். அந்தப் பட்டறிவிலிருந்து நான்கு நெறிகள் பிறந்தன: ஊராரை ஒன்று திரட்டும் அமைப்பு, மக்களைத் தெருவுக்கு அழைக்கும் விளம்பரம், பழைய வடிவத்தின் அழகைப் பேணல், தொழிலின் பொருளாதாரத்தை வலுப்படுத்தல். நான்கும் சேர்ந்தே நடக்க வேண்டும். ஒன்றை விட்டாலும் வண்டி குடை சாயும்.

1980-இல் தேசிய மையம் ஒன்று நிறுவப்பட்டு, கொலராடோ, ஜார்ஜியா, மாசசூசெட்ஸ், வடகரோலினா, பென்சில்வேனியா, டெக்சாஸ் ஆகிய ஆறு மாநிலங்களில் பணி பரவியது. இதுவரை 2,000-க்கும் மேற்பட்ட ஊர்கள் அந்நெறியைக் கைக்கொண்டுள்ளன. சட்டமும் மனம் மாறிற்று. வரலாற்றுக் கட்டடங்களைப் புதுப்பிப்போருக்கு 1976-இல் முதன்முறையாக வரிச் சலுகை கிடைத்தது. 1981-இல், தகுதி பெற்ற கட்டடங்களுக்குச் செலவில் 25 விழுக்காடு வரியிற் கழிவு என்று உயர்ந்தது. 1986-இல் அது 20 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வீழ்த்தியது சட்டமென்றால், தூக்கி நிறுத்தவும் சட்டம் துணை வரவேண்டும் அன்றோ!

இதுவரை கூறியதைக் கேட்டு மகிழ்ந்து, “பழைய தெரு வாழ்க! பழைய நாள் திரும்புக!” என்று ஆர்ப்பரிக்க எழுவோரைச் சற்று அமரச் சொல்லுகிறோம். எந்தப் பழைய நாள் திரும்ப வேண்டும்? அந்த ஆறு மாநிலங்களில் ஒன்றான வடகரோலினாவின் ஒரு கடைத்தெருவுக்கே செல்வோம்.

கிரீன்ஸ்பரோ நகரம்; ஊர் நடுவே தெற்கு எல்ம் தெரு; அத்தெருவிலே உல்வர்த் கடை. 1960 பிப்ரவரி முதல் நாள் மாலை, எசெல் பிளேர், பிராங்க்ளின் மெக்கெயின், ஜோசப் மெக்நீல், டேவிட் ரிச்மண்ட் என்ற நான்கு கறுப்பின மாணவர்கள் உள்ளே நுழைந்தனர். பற்பசை போன்ற சில்லறைப் பொருள்களை வாங்கினர், காசு கொடுத்தனர், கடை காசை வாங்கிக்கொண்டு சீட்டும் கொடுத்தது. பின்னர் அதே கடையின் உணவு மேடையில் அமர்ந்து காப்பி கேட்டனர். இல்லை என்றது கடை! கறுப்பர் தந்த காசுக்குத் தீட்டு இல்லை; அவர் அமரும் இருக்கைக்குத் தீட்டு! காரணம் கேட்டால், உள்ளூர் வழக்கத்தை ஒட்டி நடக்கிறோம் என்பதே அந்நிறுவனத்தின் விடை.

உள்ளூர் வழக்கம்! உற்று நோக்குவோம் அந்தச் சொல்லை. உள்ளூர்க் கடை, உள்ளூர்ப் பெருமை, உள்ளூர் மரபு என்று நாம் உச்சி குளிர உரைக்கும் அதே ‘உள்ளூர்’ என்னும் சொல், ஒரு மனிதனை எழுப்பி வெளியே அனுப்பும் ஆயுதமாகவும் பயன்பட்டது. உள்ளூரைச் சேர்ந்தது என்பதாலேயே ஒன்று நல்லதாகிவிடாது; பழையது என்பதாலேயே ஒன்று போற்றத்தக்கதாகிவிடாது.

மாணவர்கள் கடை மூடும் வரை அசையவில்லை. மறுநாள் மேலும் பலர் வந்தனர்; சில நாட்களில் நூற்றுக்கணக்கானோர் திரண்டனர்; தெற்கு மாநிலங்களின் நகரங்கள் பலவற்றுக்கும் அறப்போர் பரவியது. விற்பனை சரிந்தது. 1960 ஜூலை 25-இல் அந்த மேடை அனைவருக்கும் திறக்கப்பட்டது. முதலில் அமர்ந்து உண்டவர்கள், அதுவரை பிறருக்குப் பரிமாறி வந்த அக்கடையின் கறுப்பினத் தொழிலாளர்களே!

1993-இல் அந்தக் கடை மூடப்பட்டது. கட்டடத்தை இடித்து வண்டி நிறுத்துமிடம் ஆக்கத் திட்டமிட்டனர். மானமுள்ள மக்கள் மறித்தனர். நிதி திரட்டி மீட்டனர். அமர்ந்த நாளிலிருந்து சரியாக ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2010 பிப்ரவரி முதல் நாள், அது உரிமைப் போரின் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. இதுவன்றோ மரபுக் காப்பு! பெருமையை மட்டும் பொன்முலாம் பூசிக் காட்டுவது விளம்பரம்; வெட்கத்தையும் மறைக்காமல் காட்டுவதே வரலாறு.

கதவு அனைவருக்கும் திறந்தது, சரி. அந்தக் கடை எவருக்கு உரியது என்பதும் கேட்கத் தக்க கேள்வியே. நியூயார்க் மாநிலத்து மலைப்பகுதியில் சரனாக் லேக் என்றொரு சிற்றூர். அவ்வூரின் துணிமணிகளுக்கு ஆதாரமாய் இருந்த ஏம்ஸ் கடை, தாய் நிறுவனம் நொடித்துப் போனதால், 2002-இல் மூடப்பட்டது. படுக்கை விரிப்பு வாங்கவும் ஏறக்குறைய 50 மைல் போக வேண்டிய நிலை. மாபெரும் நிறுவனமொன்று கடை திறக்க எண்ணியபோது, ஊரார் ஒரு முடிவுக்கு வந்தனர்: நம் கடையை நாமே நடத்துவோம்! பங்கு ஒன்று 100 டாலர் என்று விற்றனர். சிறுகச் சிறுக 500,000 டாலர் சேர்த்தனர். 2011 அக்டோபரில் ஊர் நடுவே ஊராரின் கடை திறக்கப்பட்டது. எங்கோ ஒரு நகரில் ஒருவர் இடும் கையெழுத்தால் மூடப்பட முடியாத கடை அது.

ஒன்றை மறத்தலாகாது. தெரு அழகு பெற்றதும் வாடகை ஏறும். வாடகை ஏறியதும், இருண்ட நாட்களில் விளக்கேற்றிக் காத்த பழைய கடைக்காரரே முதலில் வெளியேற்றப்படுவார். சுவரைக் காத்து, சுவருக்குள் வாழ்ந்தவரைத் துரத்திவிட்டால், கிடைப்பது கடைத்தெரு அன்று, காட்சிப் பொருள். ஆகவே வாடகைக்கு வரம்பு, சிறு வணிகருக்கு எளிய கடன், கூடுமானால் கடைக்காரர்க்கும் ஊரார்க்கும் கட்டடத்தில் உரிமை ஆகிய இவையும் மரபுக் காப்பின் பகுதிகளே.

கல்லைக் காப்போம், ஏனெனில் அதைச் செதுக்கியது உழைப்பாளியின் கை. கடையைக் காப்போம், ஏனெனில் அது ஊரின் காசை ஊருக்கே திருப்பித் தரும் ஊற்று. இரண்டையும்விட, எவர் வந்தாலும் ஒரே இருக்கை, ஒரே கோப்பை, ஒரே மதிப்பு என்ற உரிமையைக் காப்போம். தகட்டைக் கழற்றினால் தெருவின் பழைய முகம் தெரியும். அந்த முகத்தில் அநீதியின் வடு இருந்தால், அதை மீண்டும் மூடி மறைக்காதிருப்போம். அந்த வடு இனி எவர் முகத்திலும் விழாதபடி, கதவை அகலத் திறந்து வைப்போம்!