அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை: பம்பாயில் பல் மருத்துவக் கல்வியும் தாராவித் தமிழரும்

1923-ஆம் ஆண்டு பம்பாய் அப்துல் ரகுமான் தெருவில் ஒரு பல் மருத்துவ நிலையம் திறக்கப்பட்டது. நடத்தியவர் பாத்திமா ஜின்னா. ஓர் இசுலாமியப் பெண் தனியே மருத்துவத் தொழில் நடத்துவது அன்று அரிய நிகழ்வு. முகம்மது அலி ஜின்னாவின் தங்கை என்ற வரியோடு வரலாற்று நூல்கள் அவரைக் கடந்துவிடுவதால், அவர் பல் மருத்துவர் என்பதே பலருக்குத் தெரிவதில்லை. பம்பாயில் அப்போது பல் மருத்துவக் கல்லூரி கிடையாது. ஆகவே அவர் கல்கத்தா சென்று பயின்றார். அங்கே ரபியுத்தீன் அகமது 1920-இல் தொடங்கியதே இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரி. சிறுபான்மையினர் இத்துறைக்கு வெளியே நின்றவர்கள் என்ற பொதுக்கருத்துக்கு இவ்விருவரின் வரலாறு இடம் தருவதில்லை. இத்துறையின் முதல் கல்லூரியை நிறுவியவரே சிறுபான்மைச் சமூகத்தவர்.

கல்லூரிக்கு வெளியேயும் பல் வைத்தியம் நடந்தது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் சீனாவின் ஹூபே மாகாணத்திலிருந்து வந்த குடும்பங்கள் தந்தையிடமிருந்து மகன் கற்கும் கைத்தொழிலாக அதைச் செய்தன. தமிழகத்தில் பல் பிடுங்குதலும் கட்டி கீறுதலும் நாவிதர் கையில் இருந்தன. அச்சமூகத்திற்கு மருத்துவர் என்ற பெயர் இன்றும் அரசுப் பட்டியலில் உண்டு. எச்சிலைத் தீட்டாகக் கருதும் ஒரு சமூகத்தில் பிறர் வாய்க்குள் கைவைக்கும் வேலை யாரிடம் ஒப்படைக்கப்பட்டது என்பதை அந்தச் சொல்லே காட்டிவிடுகிறது. பின்னாளில் அவ்வேலை பட்டமும் வருமானமும் உள்ள தொழிலாக உயர்ந்தபோது, முன்பு அதைச் செய்தவர்கள் வாசலுக்கு வெளியே நிற்க நேர்ந்தது.

அந்த வாசலைக் கட்டியது 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம். அது பதிவேட்டை இரண்டாகப் பிரித்தது. அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்றவர்கள் ‘அ’ பகுதியில் இடம்பெற்றனர். பட்டமின்றி ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் அத்தொழிலாலேயே வாழ்ந்தவர்களுக்கு ‘ஆ’ பகுதி ஒதுக்கப்பட்டது. இரண்டாவது பகுதி அந்தத் தலைமுறைக்கு மட்டுமே உரியது. அதன் பின் வருவோருக்குக் கல்லூரியைத் தவிர வேறு வழியில்லை. நோயாளியின் பாதுகாப்புக்கு இது தேவையான சட்டம்தான், அதில் ஐயமில்லை. ஆனால் அன்று முதல் யார் பல் மருத்துவர் ஆகலாம் என்ற கேள்வியும் கல்லூரியில் யாருக்கு இடம் என்ற கேள்வியும் ஒன்றாகிவிட்டன.

பம்பாயில் நாயர் மருத்துவமனையின் பல் மருத்துவக் கல்லூரி 1933-இல் தொடங்கியிருந்தது. இன்று அது மாநகராட்சிக் கல்லூரி. இடஒதுக்கீட்டின் சட்ட வரலாறு தமிழ் வாசகர் அறிந்ததே: 1951-இல் செண்பகம் துரைராசன் வழக்கு, அதே ஆண்டில் முதல் அரசியலமைப்புத் திருத்தம், 15(4) பிரிவு. சென்னையில் தொடங்கிய வழக்கால் நாடு முழுவதற்கும் கிடைத்த அந்தப் பிரிவு, சென்னை மாகாணத்திலிருந்து பம்பாய் சென்று குடியேறியவர்களுக்கு மட்டும் எட்டாமல் போனது எப்படி என்பதே இங்கு ஆராயத்தக்கது.

தாராவித் தமிழரில் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்றவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய அந்தப் பெயர்வில் ஆதிதிராவிடர் பலர். தோல் பதனிடும் தொழிலில் தமிழ் இசுலாமியரும் இருந்தனர். மாட்டுங்கா வேறுவகைத் தமிழரின் ஊர். அலுவலகப் பணிக்கு வந்தவர்கள் அங்கே 1932-இலேயே தென்னிந்தியக் கல்விச் சங்கத்தைத் தொடங்கிவிட்டார்கள். இரண்டு ஊர்களுக்கும் நடுவே சயான் மட்டுமே இருக்கிறது. மாட்டுங்காக்காரர் கல்லூரிக்குச் செல்லச் சான்றிதழ் எதுவும் தேவைப்படவில்லை. தாராவிக்காரருக்கு அது தேவைப்பட்டது.

அரசியலமைப்பின் 341, 342 பிரிவுகள் பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் வரையறுக்கையில் ‘அந்த மாநிலத்தைப் பொறுத்தவரை’ என்ற பொருளில் ஒரு தொடரைச் சேர்த்துள்ளன. தொடர் சிறியது, வாசிப்பவர் கண்ணில் எளிதில் படாது. 1990 மே 2 அன்று உச்சநீதிமன்ற அரசியலமைப்பு அமர்வு அளித்த சேத் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரி வழக்கின் தீர்ப்பு முழுவதும் இத்தொடரையே அச்சாகக் கொண்டு சுழன்றது. ஆந்திரப் பழங்குடிக் குடும்பத்து மாணவர் ஒருவர் தந்தையின் பொதுத்துறைப் பணி காரணமாகச் சிறுவயதிலேயே பம்பாய் வந்து, பன்னிரண்டாம் வகுப்பையும் அங்கேயே முடித்து, மருத்துவ இடம் கோரினார். ஒரு மாநிலத்தில் பட்டியலில் உள்ளவர் குடிபெயர்ந்த மாநிலத்தில் அந்தத் தகுதியைக் கொண்டு சலுகை கோர முடியாது என்பது தீர்ப்பு. சாதிச் சான்றிதழ் குறித்து மகாராட்டிர நடவடிக்கைக் குழு தொடுத்த வழக்கில் 1994-இல் அது உறுதி செய்யப்பட்டது. 2018-இல் மற்றோர் அரசியலமைப்பு அமர்வும் அதையே வழிமொழிந்தது.

தீர்ப்பின் தருக்கம் வலுவற்றதன்று. ஒடுக்குமுறை இடத்துக்கு இடம் வேறுபடும். ஒரு மாநிலத்தின் ஒடுக்கப்பட்டோருக்கான இடத்தை வெளியிலிருந்து வருவோர் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் திருநெல்வேலியில் தீண்டப்படாதவராக இருந்தவர் தாராவியின் தோல் கிடங்கில் இறங்கியதும் எந்த வகையில் முன்னேறியவர் ஆனார் என்பதற்கு அந்தத் தருக்கத்தில் விடை இல்லை.

நடைமுறையில் எல்லாம் ஒரு நாளைச் சார்ந்திருக்கிறது. பட்டியல் சாதியினருக்கு அது 1950 ஆகத்து 10. பழங்குடியினருக்கு அதே ஆண்டு செப்டம்பர் 6. மகாராட்டிரத்தின் பிற பிற்படுத்தப்பட்டோருக்கு 1967 அக்டோபர் 13. குடும்பம் அந்த நாளுக்கு முன்பே மாநிலத்தில் குடியிருந்ததை ஆவணத்தால் மெய்ப்பிக்க வேண்டும். முன்னரே வந்த அண்ணனின் பேரப்பிள்ளைக்கும் பின்னர் வந்த தம்பியின் பேரப்பிள்ளைக்கும் ஒரே தெருவில் வெவ்வேறு சட்டத் தகுதி. குடிசைப்பகுதியில் ஆவணம் எங்கே தங்கும்? செம்பூருக்கு அப்பால் துராம்பேயில் தமிழர் திரளாக வாழ்ந்த ஜனதா காலனி 1976-இல் இடிக்கப்பட்டு, மக்கள் சீத்தா முகாமுக்கு அப்புறப்படுத்தப்பட்டனர். அத்தகைய இடப்பெயர்வில் ஓலையும் தகரமும் போகும்போது பழைய குடும்ப அட்டையும் வாடகைச் சீட்டும் சேர்ந்தே போகின்றன. கிறித்தவராகிவிட்ட நெல்லைக் குடும்பங்களின் நிலை இன்னும் கடினம். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியலிலேயே சேர்க்கவில்லை.

இதனருகே இரண்டு செய்திகளை வைத்துப் பார்க்கலாம். 2002-ஆம் ஆண்டின் டி.எம்.ஏ. பாய் தீர்ப்பு, மொழிச் சிறுபான்மையைத் தீர்மானிக்கும் அலகு மாநிலமே என்றது. எனவே மாநில எல்லையைத் தாண்டும் தமிழர் புதிதாகச் சிறுபான்மையினர் ஆகிறார். அதே எல்லையில் அவருடைய பட்டியல் சாதித் தகுதி கழன்றுவிடுகிறது. மற்றொன்று பல் மருத்துவர் சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதன் பிற்காலத் திருத்தம் பர்மா, இலங்கை, உகாண்டா முதலிய நாடுகளிலிருந்து கலவரத்தால் பெயர்ந்துவந்த இந்திய வம்சாவளியினரைத் தனியே வரையறுத்து, பதிவேட்டில் சேர வழிசெய்தது. நாட்டு எல்லை தாண்டி வந்தவரின் இழப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்ட சட்டமரபு, நாட்டுக்குள்ளேயே பெயர்ந்தவருக்கு அப்படியொரு சொல்லை உருவாக்கவில்லை.

இன்று தாராவியிலும் செம்பூரிலும் தொழில் வழிகாட்டல் நடத்துவோர் மாணவருக்கு ஊக்கம் இல்லை என்று சொல்வதுண்டு. ஊக்கத்தைப் பற்றிப் பேசுமுன் வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும். மும்பை மாநகராட்சி தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. நீட் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் வட்டார மொழி வினாத்தாள்கள் அந்தந்த மாநிலத் தேர்வு மையங்களுக்கே உரியவை. தமிழில் எழுத விரும்பும் தாராவி மாணவி தமிழ்நாட்டு மையத்துக்குப் பயணப்பட வேண்டும். தமிழ்நாடு 2020-இல் அரசுப் பள்ளி மாணவருக்கு அளித்த 7.5 விழுக்காடு பல் மருத்துவத்துக்கும் உண்டு. அது தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் படித்தவருக்கானது, மும்பை மாநகராட்சிப் பள்ளி அதில் அடங்காது.

திறந்திருக்கும் வழி அகில இந்திய ஒதுக்கீடு. அரசுக் கல்லூரிகளின் இளநிலை மருத்துவ, பல் மருத்துவ இடங்களில் 15 விழுக்காடு அதற்குரியது; 2007 முதல் அதற்குள் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடமுண்டு. தந்தையின் சொந்த மாநிலச் சான்றிதழை அடிப்படையாகக் கொண்டு, குடியேறிய மாநில அதிகாரியே பிள்ளைக்குச் சான்றிதழ் வழங்கலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே அறிவுறுத்தியுள்ளது. மாநிலச் சலுகைக்கு அது பயன்படாது. மத்திய ஒதுக்கீட்டுக்குப் பயன்படும். தந்தையிடமும் அச்சான்றிதழ் இல்லையென்றால் வேலை திருநெல்வேலியில் தொடங்க வேண்டும். வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் பலமுறை நடக்க வேண்டியிருக்கும். தேர்வு எழுதிய பிறகு அதற்குப் பொழுது இருக்காது. பத்தாம் வகுப்பிலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.