கோலார் மேடுகளில் ஒரு மோல் கணக்கு

தமிழ் இலக்கண மரபு அளவையை எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காகப் பகுத்துள்ளது. தேங்காயை எண்ணுவர், பொன்னை எடை போடுவர், நெல்லை முகந்து அளப்பர், துணியை நீட்டி அளப்பர். ஒரு பொருளுக்கு ஓர் அளவை என்பதே அன்றாட வழக்கு. வேதியியலைத் தொடங்கும் மாணவரைத் திகைக்கவைக்கும் மோல் கணக்கு இந்த எல்லையைக் கடக்கிறது. எடுத்தலளவையால் அறிந்ததை எண்ணலளவையாக மாற்றுவதும், எண்ணியதை மீண்டும் எடைக்குக் கொண்டுவருவதுமே அதன் முழு வேலை. அந்த மாற்றம் எதற்கு என்று கேட்பவருக்குக் கோலார் தங்கவயலின் வரலாற்றில் தெளிவான விடை கிடைக்கிறது.

1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் கோலாருக்கு வந்தபின் அங்கே பெருஞ்சுரங்கத் தொழில் வேரூன்றியது. வட ஆர்க்காடு, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள், அவர்களுள்ளும் பெரும்பான்மையாக ஒடுக்கப்பட்ட சாதியினர், பாறையை உடைத்து மேலேற்றினர். அந்தப் பாறையில் தங்கம் கண்ணுக்குத் தெரியும் கட்டியாக இருந்தது அரிது. அது குவார்ட்ஸ் பாறையினுள் நுண்துகள்களாகச் சிதறிக் கிடந்தது. பாறையை ஸ்டாம்பு மில்லில் இடித்து மாவாக்கி, பாதரசம் பூசிய தகடுகளின்மேல் நீரோடு ஓடவிடுவது தொடக்கக்கால முறை. பாதரசம் பருந்துகள்களைப் பற்றிக்கொள்ளும். மிக நுண்ணிய துகள்கள் நழுவிச் சேற்றோடு போய்விடும். இழந்த தங்கம் ஆலைக்குப் பின்னால் மண்மேடாகக் குவிந்தது.

அந்த மேட்டிலிருந்து தங்கத்தை மீட்ட முறை ஐரோப்பாவிலிருந்து வந்தது. சயனைடு கரைசல் தங்கத்தைக் கரைக்க ஆக்சிஜன் இன்றியமையாதது என்பதை 1846இல் எல்ஸ்னர் காட்டினார். கிளாஸ்கோ நகரில் ஜான் ஸ்டூவர்ட் மெக்ஆர்தரும் மருத்துவர்களான ஃபாரஸ்ட் உடன்பிறப்புகள் இருவரும் 1887இல் அதைத் தொழில்முறையாக்கிக் காப்புரிமை பெற்றனர். நியூசிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் பரவிய அம்முறை, 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் கோலாரையும் அடைந்தது.

எல்ஸ்னரின் பெயரால் வழங்கும் சமன்பாடு எளியது. நான்கு தங்க அணுக்கள், எட்டு சோடியம் சயனைடு அலகுகள், ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு, இரண்டு நீர் மூலக்கூறுகள் ஆகியவை சேர்ந்து வினைபுரிகின்றன. தங்கம் கரைசலுக்குள் செல்கிறது. நான்கு, எட்டு, ஒன்று, இரண்டு என்ற எண்கள் அனைத்தும் எண்ணிக்கைகள், எடைகள் அல்ல. ஆலைக் கிடங்கிலோ சயனைடு எடையால் வந்தது. தங்கமும் எடையாலேயே கணக்கிடப்பட்டது. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமே மோல்.

அந்தச் சொல்லும் ஏறத்தாழ அதே காலத்தில் பிறந்தது. ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் 1890களில் 'மோல்' என்ற சொல்லை வழக்கிற்குக் கொண்டுவந்தார். அது இலத்தீனில் சிறு பொருள்திரளைக் குறித்த சொல்லின் வழிவந்தது. தமிழ் 'மூலக்கூறு' என்பதில் உள்ள 'மூலம்' அதனோடு ஒலியில் நெருங்கினும் உறவுடையது அன்று. அணுக்கள் உண்மையில் உள்ளனவா என்பதில் ஆஸ்ட்வால்டுக்கே அப்போது ஐயம் இருந்தது. ஆகவே அவரது மோல், கிராமில் குறிக்கப்பட்ட ஓர் எடை. 2019 மே 20 முதல் நடைமுறையில் உள்ள வரையறையோ, ஒரு மோல் என்பது 6.02214076 × 10²³ துகள்கள் என்று எண்ணிக்கையால் மட்டுமே பேசுகிறது. எடுத்தலளவையாகத் தோன்றிய சொல் எண்ணலளவையாக முடிந்திருக்கிறது.

ஒரு டன் பாறையில் 10 கிராம் தங்கம் இருப்பதாகக் கொள்வோம். அதைக் கரைக்க எவ்வளவு சோடியம் சயனைடு வேண்டும்? தங்கத்தின் மோலார் நிறை 197 கிராம். 10ஐ 197ஆல் வகுத்தால் 0.0508 மோல். நான்குக்கு எட்டு, அதாவது ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதப்படி சயனைடு 0.1015 மோல் தேவை. சோடியம் சயனைடின் மோலார் நிறை 49 கிராம்; பெருக்கினால் ஏறத்தாழ 5 கிராம். எடையை எண்ணாக்குதல், எண்களின் விகிதத்தைப் பார்த்தல், எண்ணை மீண்டும் எடையாக்குதல் என்று மூன்றே படிகள். நடுப்படியைத் தாண்டிவிட்டு, ஒன்றுக்கு இரண்டு என்பதை எடைக்கே பொருத்தினால் 20 கிராம் என்று வரும். அது நான்கு மடங்கு பிழை.

இக்கணக்கைச் சயனைடு வணிகமும் அறிந்திருந்தது. தொடக்கத்தில் ஆலைகள் வாங்கியது பொட்டாசியம் சயனைடு. அதன் மோலார் நிறை 65 கிராம் என்பதால் அதே 0.1015 மோலுக்கு 6.6 கிராம் வேண்டும். சோடியம் உப்பு சந்தைக்கு வந்தபோதும் அதன் வலிமையைப் பொட்டாசியம் உப்பின் அளவிலேயே குறித்தனர். 65ஐ 49ஆல் வகுத்தால் 1.33. தூய சோடியம் சயனைடு 133 விழுக்காடு வலிமை பெற்றதாகிவிட்டது; விற்பனைச் சரக்கு 130 விழுக்காடு என்ற பெயரில் வழங்கியது. நூற்றுக்கு மேற்பட்ட தூய்மை என்பது எடையால் பார்த்தால் அபத்தம். சயனைடு அயனிகளை எண்ணினால் அது நியாயமான கணக்கு.

சமன்பாட்டின் மூன்றாம் உறுப்பான ஆக்சிஜனே ஆலையின் வேகத்தை நிர்ணயித்தது. ஒரு லிட்டர் நீரில் அரை கிராம் சோடியம் சயனைடு கரைந்திருந்தால் அது 0.0102 மோல். சாதாரண வெப்பநிலையில் காற்றிலிருந்து அந்நீரில் கரையும் ஆக்சிஜன் சுமார் 8 மில்லிகிராம், அதாவது 0.00025 மோல். சமன்பாடு எட்டுக்கு ஒன்று என்று கேட்க, தொட்டியிலோ நாற்பதுக்கு ஒன்று என்று இருக்கிறது. பாடநூல் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று அழைப்பது இங்கே ஆக்சிஜன். மேலும் சயனைடு கொட்டினாலும் தங்கம் விரைந்து கரையாது. சேற்றுக்குள் காற்றைச் செலுத்த வேண்டும். கரைந்த தங்கத்தைத் துத்தநாகம் மீட்கும். இரண்டு தங்க அணுக்களுக்கு ஒரு துத்தநாக அணு வீதம் 10 கிராமுக்கு 1.7 கிராம் போதும் என்கிறது கணக்கு.

ஆயினும் எந்த ஆலையும் டன்னுக்கு 5 கிராம் சயனைடோடு நின்றதில்லை. தங்க ஆலைகளில் டன்னுக்கு நூற்றுக்கணக்கான கிராம் செலவாவது இயல்பு. பாறையில் தங்கம் தனியே இருப்பதில்லை. செம்பும் இரும்பும் கந்தகச் சேர்மங்களும் சயனைடைப் பிடித்துக்கொள்கின்றன. கரைசலின் காரத்தன்மை குறைந்தால் சயனைடு நச்சு வாயுவாக வெளியேறும். அதைத் தடுக்கவே சுண்ணாம்பு சேர்த்தனர். தாளில் எழுதிய சமன்பாடு குறைந்தபட்சத் தேவையைச் சொல்கிறது. அதற்கு மேல் செலவானதெல்லாம் எங்கே போயிற்று என்பது வேறொரு கணக்கு. அதன் விடை கோலாரின் வீதிகளிலிருந்தே கண்ணுக்குத் தெரிகிறது.

ஒரு டன் என்பது 10 லட்சம் கிராம். அதில் 10 கிராமை எடுத்தபின் 9,99,990 கிராம் மிஞ்சுகிறது. சமன்பாட்டில் அதற்கு இடமில்லை. நிலத்தில் இடம் வேண்டும். சுரங்கம் இயங்கிய 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கம் கிடைத்தது. அது ஏறத்தாழ 40 லட்சம் மோல். ஊரைச் சுற்றிக் குவிந்த சயனைடு மேடுகளோ 3 கோடி டன்னுக்கு மேல். கரைந்திருந்த சயனைடு வெயிலிலும் காற்றிலும் பெருமளவு சிதைந்துவிடக்கூடும். மாவாக்கிய குவார்ட்ஸ் சிதையாது. சுரங்கத்துள் தொழிலாளரின் நுரையீரலைக் கெடுத்த அதே சிலிக்கா, மேடுகளிலிருந்து காற்றோடு எழுந்து அவர்தம் பிள்ளைகளின் வீடுகளில் படிந்தது. மேடுகளில் எஞ்சிய கந்தகச் சேர்மங்கள் மழைநீரோடு சேர்ந்து அமிலமாகின்றன. ஆலை அவற்றை வேண்டாப் பொருள் என்று ஒதுக்கியது. வினை அவற்றை ஒதுக்கவில்லை.

2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் சுரங்கங்களை மூடியது. தங்கம் குறைந்துபோனது ஒரு காரணம். தொடக்கத்தில் டன்னுக்குப் பல பத்து கிராம் தந்த பாறை இறுதியில் சில கிராமே தந்தது. 2024இல் கர்நாடக அமைச்சரவை 13 மேடுகளை மீண்டும் பதப்படுத்தும் திட்டத்துக்கு இசைவளித்தது. மேட்டு மண்ணில் டன்னுக்கு 0.7 கிராம் தங்கம் இருப்பதாகக் கொண்டால் அது 0.0036 மோல், அதற்குக் கணக்குப்படி தேவையான சயனைடு 0.35 கிராம். இந்த விடையை எந்த மாணவரும் ஒரு நிமிடத்தில் காணலாம். உண்மையில் எத்தனை மடங்கு சயனைடு செலவாகும், இரண்டாம் முறை கழுவிய மண் எங்கே குவியும், அதன் தூசி யார் வீட்டில் படியும் என்பவை அடுத்த வினாக்கள்.

மோல் கணக்கின் அடிப்படை, உள்ளே சென்ற ஒவ்வோர் அணுவும் எங்கோ இருந்தாக வேண்டும் என்பதே. வினைப்பட்டது எவ்வளவு என்று கேட்ட உடனே மிஞ்சியது எவ்வளவு என்றும் அது கேட்கும். கோலாரில் முதல் வினாவுக்கு அவுன்ஸ் கணக்கில் ஆண்டுதோறும் விடை எழுதப்பட்டது. இரண்டாம் வினாவின் விடை இன்னும் ஊரைச் சுற்றி நிற்கிறது.