ஓடியவளும் தேடியவர்களும்

எட்டாவது படிக்கும்போது மாவட்ட விளையாட்டுப் போட்டியில் நானூறு மீட்டர் ஓடினேன். வெறுங்கால். மண் தரையில் சுண்ணாம்புக் கோடு. ரெண்டாவதா வந்தேன். மேஜை போட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் கேட்டது பேரை இல்லை. "எந்தத் தெருடா?" என்றார். சொன்னேன். பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, "அதான் பாத்தேன், காட்டுல மேட்டுல திரியிற உடம்பு, ஓடத்தானே செய்யும்" என்றார். அடிக்கவில்லை, திட்டவில்லை, சர்டிபிகேட்டும் கொடுத்தார். ஆனால் அந்தக் கேள்விக்கு முந்தி ஓடினவனாக நின்ற நான், கேள்விக்குப் பிந்தி தெருக்காரனாக நின்றேன்.

அந்தக் கேள்வி மறுபடி என் காதில் விழுந்தது 2018 ஜூலையில். அப்போது கேட்டவர் ஒருத்தர். இப்போது கேட்டது ஒரு தேசம்.

பின்லாந்தில் தாம்பெரே என்று ஒரு நகரம். பஞ்சாலைகளால் வளர்ந்த ஊர். அங்கே ராத்தினா ஸ்டேடியத்தில் ஜூலை 10 முதல் 15 வரை இருபது வயதுக்கு உட்பட்டோருக்கான உலகத் தடகளப் போட்டி நடந்தது. 1986இல் ஏதென்சில் உலக ஜூனியர் போட்டி என்ற பேரில் தொடங்கியது இது. 2002இல் கிங்ஸ்டனில் பதினைந்து வயசு உசேன் போல்ட் 200 மீட்டரை 20.61 நொடியில் ஓடி ஜெயித்தது இந்தப் போட்டியில்தான். அதே வருஷம் சீமா அண்டில் வட்டெறிதலில் வெண்கலம் வாங்கினார். 2016இல் போலந்தில் நீரஜ் சோப்ரா 86.48 மீட்டர் ஈட்டி எறிந்து தங்கம் வாங்கினார். இரண்டுமே எறிதல். ஓடுதளத்தில் இந்தியாவுக்கு உலக அளவில் ஒரு தங்கம்கூட எந்த வயசுப் பிரிவிலும் கிடைத்ததில்லை.

தாம்பெரேயில் ஜூலை 12 அன்று ஹிமா தாஸ் 400 மீட்டரை 51.46 நொடியில் ஓடி அதை வாங்கினார். பதினெட்டு வயசு. அசாமில் நகாவ் மாவட்டத்து திங் பக்கம் ஒரு கிராமம். அப்பா நெல் விவசாயி. சேற்று வயலில் பையன்களோடு பந்து விளையாடிய கால்கள். பயிற்சிக்காக 140 கிலோமீட்டர் தள்ளி குவாஹாட்டிக்குப் போன பிள்ளை. தடகளத்தில் முறையாக இறங்கி ரெண்டு வருஷம்கூட ஆகவில்லை. கடைசி வளைவு திரும்பும்போது பின்னால்தான் இருந்தார். நேர்கோட்டுக்கு வந்தபின் ஒவ்வொருத்தரையாகத் தாண்டி வந்தார். ருமேனியாவின் ஆந்திரியா மிக்லோஸ் 52.07இல் இரண்டாவது.

பிறகு நடந்ததைத்தான் வரலாறாகப் பதிய வேண்டும் என்கிறேன். அரையிறுதி முடிந்து அவர் பேசியதை வெளியிட்ட இந்தியத் தடகளச் சம்மேளனம், அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவு சரளமில்லை என்று குறிப்பு எழுதியது. கண்டனம் வந்ததும் மன்னிப்புக் கேட்டது. ஓட அனுப்பிய பிள்ளைக்கு நாக்குப் பரீட்சை. தங்கம் வாங்கின பின்னால், கூகுளில் ஹிமா தாஸ் என்று அடித்தால் சாதி என்ற சொல் தானாக வந்து பக்கத்தில் நின்றது. அத்தனை பேர் அதைத் தேடியிருக்கிறார்கள். 2016இல் ரியோவில் பி.வி. சிந்து வெள்ளி வாங்கியபோதும் இதே தேடல்தான்.

அதே தாம்பெரேயில் முந்தின நாள் இன்னொரு பிள்ளை ஜெயித்தான். இந்தோனேசியாவின் லோம்போக் தீவைச் சேர்ந்த லாலு முகமது சோரி. தாய் தகப்பன் இல்லாதவன், ஏழை வீடு. 100 மீட்டரில் எட்டாவது லேன். தகுதிச் சுற்றில் முன்னணியில் வராதவர்களுக்குக் கிடைக்கும் ஓரம் அது. 10.18 நொடியில் ரெண்டு அமெரிக்கர்களை முந்தினான். அவர்கள் கொடியைப் போர்த்தி நிற்க, இவனுக்குக் கொடி கிடைக்கக் கொஞ்ச நேரமானது. இவன் ஜெயிப்பான் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. பிறகு அவன் நாட்டு ஜனங்கள் பார்த்தது அவன் வீட்டின் நிலையை. அரசாங்கம் அதைச் செப்பனிட்டது. நம் ஜனங்கள் பார்க்க நினைத்தது ஒரு பிள்ளையின் பிறப்பை.

ஓரத்து லேன் என்றதும் சேரி நினைவு வந்தது எனக்கு. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. அந்த ஓரத்தைக் கடிகாரம் கொடுக்கிறது, அடுத்த ஓட்டத்தில் மாற்றிக்கொள்ளலாம். நமக்குக் கொடுத்த ஓரத்தை எந்த ஓட்டமும் மாற்றுவதில்லை. 1911இல் இங்கிலாந்து போன இந்திய கிரிக்கெட் அணியில் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்தவர் பல்வங்கர் பாலு, நம்மவர். புனேயில் அவர் கையால் பந்து வாங்கினவர்கள், டீயை மட்டும் வெளியே நிற்க வைத்து மண்குவளையில் கொடுத்தார்கள். தனிக்குவளை நமக்குத் தெரியாததா? அன்றைக்குச் சாதி தெரிந்து குவளையை மாற்றினார்கள். இன்றைக்குக் குவளையை எடுக்குமுன் சாதியைத் தேடுகிறார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நானும் தேடினேன். நம்ம பிள்ளையா இருக்காதா என்ற ஏக்கம். தங்கத்தில் பங்கு கேட்கிறவனின் தேடலும் மட்டம்தட்டக் காரணம் தேடுகிறவனின் தேடலும் எங்கள் தேடலும் ஒன்றல்ல. ஆண்டாண்டுக்கும் பேர் சொல்ல ஆளில்லாமல் போனவர்களுக்கு அந்த ஏக்கம் வரத்தான் செய்யும். ஆனாலும் தேடி முடித்தபோது எனக்குக் கூச்சமாக இருந்தது. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரின் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். என்ன பதில் கிடைத்தது என்று இங்கே எழுதப்போவதில்லை.

இதனால், சாதியைப் பேசாதே, விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்று சொல்லும் உத்தமர்களோடு நான் சேரவில்லை. பேச வேண்டும். பேச வேண்டிய இடம் வேறே. ஜெயிச்சவளிடம் கேட்காதே, மைதானத்திடம் கேள். அது ஊருக்குள்ளா, சேரிக்கு எட்டும் தூரத்திலா? அங்கே நம் பிள்ளைகளை விடுகிறார்களா? நம் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் மைதானம் இருக்கிறதா, பி.டி. மாஸ்டர் இருக்கிறாரா? ஓடிவிட்டு வந்தால் முட்டையும் பாலும் யார் வீட்டில் இருக்கிறது? தாம்பெரே வரைக்கும் போகாமலே எந்தெந்தத் தெருவின் கால்கள் நின்றுபோயின?

என் கூட ஓடினவன் ஒருத்தன். என்னைவிட வேகம். ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டுச் செங்கல் சூளைக்குப் போனான். அவன் சாதியை யாரும் தேட வேண்டிய தேவை வரவே இல்லை. அவன் எத்தனை நொடியில் ஓடினான் என்று யாரும் எழுதி வைக்கவும் இல்லை.