காசு போட்டால் பாடும் பெட்டி பிறந்த கதை

பழைய ஜூக்பாக்ஸ்களை வாங்கி வந்து மறுபடி பாடவைப்பதைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் அமெரிக்காவில் ஏராளம். கார் நிறுத்தும் கொட்டகையின் மூலையில் பெட்டி நிற்கும். முன்கதவும் பின்பலகையும் திறந்திருக்கும். பக்கத்தில் அதன் சர்வீஸ் புத்தகம் விரித்துக் கிடக்கும். விடுமுறை நாட்களையெல்லாம் அதற்கே கொடுத்துவிடுவார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வீண் மெனக்கெடலாகத் தெரியலாம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒவ்வொரு உறுப்பும் யாரோ ஒருவரைப் பாடாய்ப்படுத்திய தொல்லைக்குக் கிடைத்த விடை. எந்தத் தொல்லைக்காக எந்த உறுப்பு வந்தது என்று தெரிந்தவருக்குத்தான், நின்றுபோன பெட்டி எந்த இடத்தில் நின்றது என்பது பிடிபடும். ஆகவே ஜூக்பாக்ஸ் பிறந்த கதையை அதைப் பழுதுபார்ப்பவரின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதே முறை.

முதலில் வந்தது வியாபாரத் தொல்லை. 1877இல் ஃபோனோகிராஃபை உருவாக்கிய எடிசன், அதை ஆபீஸுக்கான கருவியாகவே நினைத்தார். முதலாளி பேசுவதைப் பதிந்து வைத்தால் குமாஸ்தா பிறகு கேட்டு எழுதிக்கொள்வார் என்பது கணக்கு. 1880களின் கடைசியில் பகுதிக்கு ஒரு கம்பெனி என்று பிரித்துக்கொண்டு அதை வாடகைக்கு விட்டார்கள். ஆபீஸ்கள் அதை ஆவலோடு வாங்கிக்கொள்ளவில்லை. கலிபோர்னியா பக்கத்து வியாபாரம் பசிபிக் ஃபோனோகிராஃப் கம்பெனியிடம் இருந்தது. அதை நடத்திய லூயிஸ் கிளாஸ், முடங்கிக் கிடக்கும் கருவியை வேறு எப்படிச் சம்பாதிக்கவைக்கலாம் என்று யோசித்தார்.

1889 நவம்பர் 23 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் பாலே ராயல் மதுக்கடையில் அவர் ஒரு பெட்டியை நிறுத்தினார். ஓக் மரப்பெட்டிக்குள் எடிசன் கம்பெனியின் மின்சார ஃபோனோகிராஃப். அதிலிருந்து டாக்டரின் ஸ்டெதஸ்கோப் போல நான்கு குழாய்கள். ஒவ்வொரு குழாய்க்கும் தனியாக ஒரு காசு வாய். 5 சென்ட் நாணயத்தைப் போட்டால் அந்தக் குழாய் திறக்கும். ஒரே பாட்டுக்கு நான்கு பேரிடமிருந்து நான்கு நாணயம். குழாயைக் காதில் வைக்கும் முன் துடைத்துக்கொள்ளத் துவாலைகூட வைத்திருந்தார்களாம். ஆறு மாதத்துக்குள் அந்த ஒரு பெட்டி 1,000 டாலருக்கு மேல் சம்பாதித்தது. கிளாஸும் அவருடைய கூட்டாளி வில்லியம் அர்னால்டும் இதற்கு 1890இல் காப்புரிமை பெற்றார்கள். அந்த வருஷம் சிகாகோவில் ஃபோனோகிராஃப் கம்பெனிகள் கூடியபோது மற்றவர்களுக்கும் இந்த வழியைக் கிளாஸ் எடுத்துச் சொன்னார். தன் கருவியை ஜனங்கள் விளையாட்டுப் பொருளாக எண்ணிவிடுவார்களோ என்று எடிசனுக்குக் கவலை. ஆனால் காசு எந்தப் பக்கம் விழுகிறது என்பது தெரிந்துபோயிருந்தது.

அந்தப் பெட்டியில் கேட்பவருக்குத் தேர்வு கிடையாது. ஒரு மெழுகு உருளை, ஒரு பாட்டு, அவ்வளவுதான். வேறு பாட்டு வேண்டுமென்றால் அடுத்த பெட்டிக்குப் போக வேண்டும். தட்டை வடிவ ரெக்கார்டு வந்த பிறகு இதற்கு ஒரு வழி பிறந்தது. சிகாகோவைச் சேர்ந்த ஜான் கேபல் 1906இல் சந்தைக்குக் கொண்டுவந்த ‘ஆட்டோமேட்டிக் என்டர்டெய்னர்’ 24 ரெக்கார்டுகளைத் தனக்குள் வைத்திருந்தது. காசு போட்டு, பாட்டைத் தேர்ந்தெடுத்து, பக்கவாட்டுப் பிடியைச் சுற்றினால் ரெக்கார்டு வந்து உட்காரும், ஸ்பிரிங் முறுக்கேறும், ஊசியும் மாறும். ஊசி ஏன் மாற வேண்டும்? அந்தக் காலத்து அரக்கு ரெக்கார்டில் கல்பொடி கலந்திருக்கும். எஃகு ஊசியை ஒரு பக்கம் பாடி முடிப்பதற்குள் அது தேய்த்துவிடும். வீட்டில் கிராமபோன் வைத்திருந்தவர் ஒவ்வொரு பாட்டுக்கும் கையால் ஊசி மாற்றினார். மதுக்கடையில் அதைச் செய்ய யார் இருக்கிறார்கள்? ஆகவே அந்த வேலையையும் பெட்டியே செய்ய வேண்டியிருந்தது.

ஆனாலும் கேபலின் பெட்டி நாட்டையே ஆளவில்லை. புனல் வழியே வரும் சத்தம் கடையின் இரைச்சலில் அமுங்கிப்போயிற்று. அடுத்த இருபது வருஷம் காசுக்கு வாசிக்கும் தானியங்கிப் பியானோக்களே கோலோச்சின. 1925இல் மைக் வைத்து மின்சாரத்தால் பதிவுசெய்யும் முறை வந்தது. வால்வு ஆம்ப்ளிஃபயரும் ஒலிபெருக்கியும் சேர்ந்துகொண்டன. ஒரு கூடம் முழுவதும் கேட்கும்படி ரெக்கார்டு பாட முடிந்ததும் பியானோக் கம்பெனிகளே கட்சி மாறின. 1927இல் ஏ.எம்.ஐ. கம்பெனி மின்சாரப் பெட்டியைக் கொண்டுவந்தது. ஸ்வீடனிலிருந்து குடியேறிய ஜஸ்டஸ் சீபர்கின் கம்பெனி 1928இல், ராட்டினம் போன்ற சக்கரத்தில் எட்டு டர்ன்டேபிள்களை மாட்டிய ‘ஆடியோஃபோன்’ பெட்டியை இறக்கியது. ரெக்கார்டை மாற்றுவது கடினமாக இருக்கவே, டர்ன்டேபிளையே மாற்றிவிட்டார்கள். பாட்டுக்கு ஒரு டர்ன்டேபிள் என்பதால் எட்டுக்கு மேல் வளர அதற்கு வழியில்லை.

அந்தச் சிக்கலை வெகுகாலத்துக்குத் தீர்த்துவைத்தது, 1933இல் ஹோமர் கேப்ஹார்ட் என்பவரிடமிருந்து வுர்லிட்ஸர் கம்பெனிக்குப் போன ‘சிம்ப்ளெக்ஸ்’ இயந்திரம். அதே வருஷம் டிசம்பரில் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிந்தது. நாடெங்கும் மதுக்கடைகள் திறந்தன. பொருளாதார மந்தத்தில் வாத்தியக் குழு வைக்க யாரிடமும் பணம் இல்லை. 5 சென்ட்டுக்கு ஒரு பாட்டு என்பது எல்லோருக்கும் கட்டுப்படியானது.

சிம்ப்ளெக்ஸைக் கண்ணாடி வழியே பார்ப்பதே தனி இன்பம். ரெக்கார்டுகள் வளைய வடிவத் தட்டுகளில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். தேர்ந்தெடுத்த தட்டு அடுக்கிலிருந்து பக்கவாட்டில் விலகி வெளியே வரும். கீழேயிருந்து டர்ன்டேபிள் எழும்பி, வளையத்தின் நடுவே நுழைந்து, ரெக்கார்டைத் தன் தலையில் ஏந்திக்கொண்டு உயரும். ஊசி மேலே காத்திருக்கும். எந்தத் தட்டிலிருந்து எடுத்தாலும் ரெக்கார்டு போய்ச் சேரும் உயரம் ஒன்றே. பாட்டு முடிந்ததும் டர்ன்டேபிள் இறங்கும். போகிற வழியில் ரெக்கார்டை அதன் தட்டிலேயே விட்டுவிட்டுப் போகும். தட்டும் அடுக்குக்குள் திரும்பும். இத்தனை அசைவையும் முறை தவறாமல் நடத்துபவை கேம்கள் எனப்படும், விளிம்பு ஏறி இறங்கும் உலோகச் சக்கரங்கள்.

இதில் அடிக்கடி வரும் ஒரு கோளாறைப் பார்ப்போம். பாட்டு முடிந்துவிட்டது, ஊசி நடுவிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது, டர்ன்டேபிள் இறங்கவில்லை. பெட்டிக்குப் பாட்டு முடிந்தது எப்படித் தெரியும்? ரெக்கார்டின் கடைசித் தடம், ஊசியை வேகமாக உள்ளே இழுத்துக்கொள்ளும்படி வெட்டப்பட்டிருக்கும். ஊசி தாங்கும் கை அப்படி நகரும்போது ஒரு சின்ன லீவரைத் தள்ளும்; லீவர் சுவிட்சைத் தொடும்; கேம் நகரும். அந்த லீவரைத் தள்ள ஊசியிடம் இருப்பது தடத்தின் பக்கச்சுவர் தரும் சொற்ப பலம்தான். எண்பது வருஷத்துப் பழைய கிரீஸ் அந்த மூட்டில் மெழுகாக இறுகியிருந்தால் லீவர் அசையாது. அவசரக்காரர் லீவரை வளைப்பார், ஸ்பிரிங்கை இறுக்குவார். அன்றைக்குப் பெட்டி ஓடும். அடுத்த வாரம் வேறொரு இடத்தில் நிற்கும். இந்தப் பெட்டிகளில் கிடைக்கும் கோளாறுகளில் பல, முன்பு கைவைத்தவர் இப்படிச் ‘சரிசெய்து’ வைத்தவை. அனுபவசாலி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, இயந்திரத்தைக் கையால் மெல்ல ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பார். எங்கே கனக்கிறதோ அங்கே கழற்றுவார், பழைய கிரீஸைக் கரைத்துத் துடைப்பார், புத்தகம் சொல்லும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு எண்ணெய் விடுவார். கழுவி முடிக்கும்வரை எந்தத் திருகையும் திருப்பமாட்டார்.

காசு வாய்க்கும் ஒரு கதை இருக்கிறது. காசு போட்டால் பாடும் என்றானதும், காசைப் போலவே இருக்கும் உலோக வில்லைகளைப் போட ஆரம்பித்தார்கள். அதைப் பிடிக்க உள்ளே ஒரு காவலாளி வந்தான். உருண்டு வரும் நாணயம் ஒரு காந்தத்தைத் தாண்ட வேண்டும். இரும்பு என்றால் ஒட்டிக்கொள்ளும். செம்பு, பித்தளை என்றால் காந்தம் அதில் மின்னோட்டத்தைக் கிளப்பி வேகத்தைக் குறைக்கும். வில்லை கிட்டத்திலேயே விழுந்து வெளியே வந்துவிடும். முக்கால் பங்கு செம்பும் கால் பங்கு நிக்கலும் கலந்த அசல் நாணயம் அவ்வளவு தடைபடாது. எட்டப் போய்ச் சரியான வாயில் விழும். இந்தக் காவலுக்கு அரசே தலைவணங்கிய சம்பவமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் நிக்கல் தட்டுப்பாடு வந்தபோது 1942 முதல் 1945 வரை 5 சென்ட் நாணயத்தை 56% செம்பு, 35% வெள்ளி, 9% மாங்கனீஸ் என்ற கலவையில் அச்சிட்டார்கள். காசு விழுங்கும் இயந்திரங்கள் அதையும் அசலென்று ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் கலவையைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம். இன்றைக்கு அசல் காசையே திருப்பித் துப்பும் பெட்டி கையில் கிடைத்தால், காசுப் பாதையைப் பிரிப்பதற்கு முன் பெட்டியின் மேல் ரசமட்டம் வைத்துப் பார்க்க வேண்டும். பெட்டி சாய்ந்து நின்றால் நாணயம் விழும் இடம் மாறிவிடும்.

பெட்டிக்குள் இத்தனை நடந்துகொண்டிருக்க, வெளியே அது ஒரு பெரிய காரியத்தைச் செய்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் கறுப்பின உழைப்பாளிகள் கூடி ஆடிப் பாடிய ஜூக் கொட்டகைகளிலிருந்துதான் இதற்குப் பெயர் வந்தது. பெரிய வானொலி நிலையங்கள் சீண்டாத அவர்களுடைய ப்ளூஸ் பாட்டுகள் இந்தப் பெட்டிக்குள் இடம்பிடித்தன. 5 சென்ட் வைத்திருந்தவர் கேட்டதைப் பெட்டி பாடியது. எந்தப் பாட்டு எத்தனை முறை ஓடியது என்று எண்ணும் மீட்டர்களும் வந்தன. 1944இல் பில்போர்டு பத்திரிகை ஜூக்பாக்ஸ் பாட்டுகளுக்கென்றே தரவரிசை வெளியிடத் தொடங்கியது. இன்னொரு பக்கம், பெட்டி வந்ததால் வேலை போயிற்று என்று வாத்தியக்காரர்கள் கொதித்தார்கள். அவர்களுடைய சங்கத் தலைவர் ஜேம்ஸ் பெட்ரில்லோ 1942 ஆகஸ்டில் பதிவுக்கூடங்களுக்கு யாரும் போகக்கூடாது என்று அறிவித்தார். பாட்டு எழுதியவர்களுக்கும் பெட்டியிலிருந்து பங்கு இல்லை. 1909 சட்டம் காசுப் பெட்டிகளுக்குத் தந்திருந்த விலக்கு 1976இல் வந்த புதுச் சட்டத்தில்தான் நீங்கியது. இந்தக் குறையையும் சேர்த்தே கதையைச் சொல்வது நியாயம்.

போர் முடிந்ததும் 1946இல் பால் ஃபுல்லர் வடிவமைத்த வுர்லிட்ஸர் 1015 வந்தது. வளைந்த தலை, நிறம் மாறும் விளக்குகள், குமிழி ஓடும் கண்ணாடிக் குழாய்கள். ஜூக்பாக்ஸ் என்றதும் நம் கண்ணில் தோன்றும் உருவம் இதுதான். 56,000க்கும் மேல் விற்றது. ஆனால் உள்ளே 24 பாட்டுகளே. 1948இல் சீபர்க் கம்பெனியின் எம்100ஏ இதை அடித்துப் போட்டது. ரெக்கார்டுகளைப் படுக்கவைக்காமல் நெட்டுக்குத்தாக வரிசையில் நிறுத்தியதே அந்த யோசனை. ஒரு வண்டி தண்டவாளத்தில் ஓடி, வேண்டிய ரெக்கார்டின் முன் நின்று, அதை இழுத்துக் கவ்வி, நின்ற வாக்கிலேயே பாடவைக்கும். இரண்டு பக்கமும் பாடும் என்பதால் 50 ரெக்கார்டில் 100 பாட்டு. 1949இல் ஆர்.சி.ஏ. கம்பெனியின் 45 சுழற்சிச் சின்ன ரெக்கார்டு வந்ததும், அடுத்த ஆண்டே அதற்கேற்ற எம்100பி தயாராயிற்று.

1955இல் சீபர்கின் வி-200 பெட்டியில் பாட்டு 200 ஆனபோது, யார் எதைக் கேட்டார் என்று நினைவில் வைப்பதே பெரும்பாடாயிற்று. சீபர்க் அதற்குச் சின்னஞ்சிறு காந்த வளையங்களைப் பயன்படுத்தியது. பொத்தானை அழுத்தினால் ஒரு மின்துடிப்பு அந்தப் பாட்டின் வளையத்தைக் காந்தமாக்கும். வண்டி கடந்து போகும்போது வளையத்தைக் கேட்டுப் பார்க்கும். ‘ஆம்’ என்றால் நிற்கும். கேட்ட அந்த நொடியே நினைவும் அழியும். மின்சாரம் போனாலும் கேட்ட பாட்டு மறக்காது. கம்ப்யூட்டர்களில் புழங்கத் தொடங்கிய அதே நுட்பம் மதுக்கடைப் பெட்டிக்குள்ளும் வந்து உட்கார்ந்தது. பொத்தானை அழுத்தியும் வண்டி எங்கும் நிற்காமல் இங்குமங்கும் ஓடினால், எழுதும் துடிப்பில் குறையா, படிக்கும் துடிப்பில் குறையா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். பெரும்பாலும் குற்றவாளி வயதான கெபாசிட்டராகவோ களைத்துப்போன வால்வாகவோ இருக்கும். வளையங்களை நோண்டுவது கடைசி வேலை.

இத்தனை வருஷம் கழித்தும் இவற்றை ஓட்டிவிட முடிவதற்குக் காரணம், இவை விற்கப்பட்ட விதத்தில் இருக்கிறது. பெட்டி பெரும்பாலும் கடைக்காரருக்குச் சொந்தமில்லை. ஆபரேட்டர் என்பவர் ஊரெங்கும் பெட்டிகளை நிறுத்தி, வசூலைக் கடைக்காரரோடு பங்கு போட்டுக்கொண்டார். அவருடைய ஆள் முறைவைத்து வந்து காசை எடுப்பார், தேய்ந்த ரெக்கார்டை மாற்றுவார், கோளாறு இருந்தால் அங்கேயே சரிசெய்வார். ஓடாத பெட்டி சம்பாதிக்காது. எனவே கம்பெனிகள் எட்டும் இடத்தில் திருகும், நிறம் பிரித்த ஒயர்களும், கழற்றி எடுக்கும்படியான ஆம்ப்ளிஃபயரும், ஒவ்வொரு அசைவையும் படம் போட்டு விளக்கும் புத்தகமும் தந்தன. வுர்லிட்ஸர் 1974இல் அமெரிக்காவில் தயாரிப்பை நிறுத்தியது. அந்தப் புத்தகங்களின் மறுபதிப்பு இன்றும் விற்கிறது. ரப்பர் உருளைகளையும் கண்ணாடிகளையும் புதிதாகச் செய்து தருபவர்களும் இருக்கிறார்கள்.

இன்று நம் வீட்டுக்கு வரும் கருவிகளில் பல, பழுதானால் எறிந்துவிட வேண்டும் என்ற எண்ணத்திலேயே ஒட்டி மூடப்படுகின்றன. பழுதாகும் என்று ஒப்புக்கொண்டு, அதற்கு ஒரு கதவும் வைத்துச் செய்யப்பட்ட பொருள் ஜூக்பாக்ஸ். செய்தவர் வேறு கண்டம், வேறு தலைமுறை. அவர் ஒரு லீவரை ஏன் அந்த நீளத்தில் வெட்டினார் என்று புரிந்துகொள்ள மாதக்கணக்கில் காத்திருப்பவரை நான் மனமார மதிக்கிறேன். ஒரு பொருளை அதன் காரணங்களோடு சேர்த்து அறிந்துகொள்வது பெரிய கல்வி. திறக்கக்கூடிய கதவும், உண்மை சொல்லும் ஒரு புத்தகமும், அவசரப்படாத கையும் இருந்தால் அந்தக் கல்வி யாருக்கும் கிட்டும்.